நான் நேராக்கிய கண்

என் கைபட்ட படத்தில் குறை என்று ஒன்று இருக்காது. தற்பெருமை என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். எங்கள் ஸ்டுடியோவில் படம் எடுப்பது என் வீட்டுக்காரர். எடுத்த படத்தை ஊர் பார்க்கிற மாதிரி ஆக்குவது நான். பரு, தழும்பு, கண்ணுக்கடியில் கருவளையம், கலைந்த முடி, கோணல் காலர், எதுவாக இருந்தாலும் என் மேஜைக்கு வந்தால் பத்தே நிமிடத்தில் காணாமல் போகும். பதினாறு வருடமாக இதே வேலை. ஒரு நாளைக்கு நாற்பது முகம். எங்கே கை வைக்க வேண்டும் என்பது விரலுக்கே தெரியும், என்னைக் கேட்காது.

அந்தக் கேட்காத விரல்தான் என்னை மாட்டி வைத்தது.

எங்களுக்கு ஒரே மகள். வாய் ஓயாது என்பதால் வீட்டில் அவளுக்குச் சில்வண்டு என்று பெயர். அவளுக்கு இரண்டரை வயது இருக்கும்போது என் நாத்தனார் ஒரு நாள் கூடத்தில் உட்கார்ந்து அவளைக் கொஞ்சிக்கொண்டிருந்தவள், திடீரென்று நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "அண்ணி, பாப்பாவோட இடது கண்ணு மூக்குப் பக்கமா போகுதே, கவனிச்சீங்களா?"

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. பெற்றவளுக்குத் தெரியாதது இவளுக்குத் தெரிந்துவிட்டதா? எழுந்து போய், பிறந்தநாள் உடுப்பில் எடுத்துச் சுவரில் மாட்டியிருந்த படத்தைச் சட்டத்தோடு கழற்றிக்கொண்டு வந்து அவள் மடியில் வைத்தேன்.

"இந்தா, நல்லா பாரு. எங்க போகுது? காட்டு பார்க்கலாம்."

பார்த்தாள். இரண்டு கண்ணும் நேராக, இரண்டிலும் நடுவில் ஃபிளாஷ் வெளிச்சம் பொட்டு வைத்த மாதிரி விழுந்திருந்தது.

"அப்ப எனக்குத்தான் தப்பா தெரிஞ்சிருக்கு," என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாள். நானும் ஜெயித்த திருப்தியோடு படத்தைத் திரும்ப மாட்டினேன்.

அதற்குப் பிறகு எனக்கும் சில நாள் அப்படித் தெரியத்தான் செய்தது. குனிந்து படம் வரையும்போது, தட்டில் பார்த்துச் சாப்பிடும்போது, தூக்கம் வரும்போது, அந்த இடது கண் லேசாக உள்ளே போய்த் திரும்பி வரும். உடனே சுவரைப் பார்ப்பேன். படத்தில் கண் கச்சிதமாக இருக்கும். தூக்கக் கலக்கம் என்று சொல்லிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவேன். இப்படியே மூன்று வருடம்.

ஐந்தரை வயதில், ஒரு வாரமாகக் கண் உள்ளே போனது போனபடியே நின்றது. தூங்கி எழுந்தாலும் அப்படித்தான். என் வீட்டுக்காரர் அவளை நாற்காலியில் உட்கார வைத்துக் கேமராவில் பார்த்துவிட்டு, தலையை நிமிர்த்தாமலே என்னைக் கூப்பிட்டார்.

"ஏய், இங்க வா. இவ கண்ணைப் பாரு."

மறுநாளே கண் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். காத்திருக்கும் இடத்தில் பக்கத்தில் இருந்த ஒரு அம்மா, "விடும்மா, மாறுகண்ணுன்னா அதிர்ஷ்டம்," என்றார். "அப்ப நீங்களே வச்சுக்குங்க," என்றேன். என் வீட்டுக்காரர் என் காலை மிதித்தார்.

டாக்டரம்மா ஒல்லியான மனுஷி, வேகமாகப் பேசுகிறவர். சில்வண்டு முகத்துக்கு நேரே டார்ச் அடித்துப் பார்த்தார். ஒரு கண்ணை மூடி, திறந்து, மற்றதை மூடிப் பார்த்தார். எழுத்துக்குப் பதிலாக வீடு, ஆப்பிள், வட்டம், சதுரம் போட்ட பலகையைக் காட்டி என்ன தெரிகிறது என்று கேட்கப் போனபோது, எங்கள் சில்வண்டு ஒரே அழுகை. சொட்டு மருந்தும் விட முடியவில்லை. அன்றைக்கு அவ்வளவுதான்.

"இது எப்ப ஆரம்பிச்சது?" என்றார் டாக்டர்.

"போன வாரம்," என்றேன் நான், கோர்ட்டில் சாட்சி சொல்வதுபோல.

"நல்லா யோசிச்சு சொல்லுங்க. எனக்குப் பாத்தா இது பழைய மாறுகண்ணு மாதிரி இருக்கு. சின்ன வயசு ஃபோட்டோ இருந்தா கொண்டு வாங்களேன். நிறைய பேருக்கு எப்ப வந்ததுன்னு ஃபோட்டோதான் சொல்லும்."

எங்களிடம் போய் ஃபோட்டோ இருக்கிறதா என்று கேட்கிறாரே! என் வீட்டுக்காரர் அரை மணி நேரத்தில் வீட்டுக்குப் போய் மூன்று ஆல்பத்தோடு வந்து நின்றார். பிறந்ததிலிருந்து மாதம் ஒரு படம். டாக்டர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். புரட்டப் புரட்ட அவர் பேச்சின் வேகம் குறைந்தது.

"எல்லாத்துலயும் நேராத்தான் இருக்கு," என்றார். "அப்ப இது புதுசுதான். பயப்படாதீங்க, பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது. ஆனா இந்த வயசுல திடீர்னு மாறுகண்ணு வந்தா, தலைக்குள்ள எதாவது கண் நரம்பை அழுத்துதான்னு பாத்தே ஆகணும். ஸ்கேன் எடுக்கணும். குழந்தை அசையாம படுக்க மாட்டா, மயக்க மருந்து குடுத்துத்தான் எடுக்கணும். சனிக்கிழமைக்குப் போட்டுடறேன்."

தலைக்குள்ள. அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை. வெளியே வந்து ஸ்கூட்டரில் உட்கார்ந்தோம். சில்வண்டு மட்டும் வழியெல்லாம் டாக்டரின் டார்ச்சைப் பற்றி ஓயாமல் பேசிக்கொண்டு வந்தது.

அன்று செவ்வாய். புதன்கிழமை கடையைத் திறக்காமல் இருக்கலாம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். வீட்டில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று நான்தான் திறக்கச் சொன்னேன். பதினோரு மணிக்கு, கை முழுக்க கிரீஸோடு ஒரு லாரி மெக்கானிக் உள்ளே வந்தார். போன வாரம் அடையாள அட்டைக்குப் படம் எடுத்துக்கொண்டு போனவர். வந்ததும் படத்தை என் மேஜைமேல் போட்டார்.

"அம்மா, இதை வாங்க மாட்டேன்னுட்டாங்க."

"ஏன்?"

"இது நான் இல்லையாம். கவுன்ட்டர்ல இருந்த ஆள் படத்தைப் பாக்கறார், என்னைப் பாக்கறார், படத்தைப் பாக்கறார். உங்க தம்பியை அனுப்பினீங்களான்னு கேக்கறார். எனக்குத் தம்பியே கிடையாது."

நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். வலது கண் என்னைப் பார்த்தது, இடது கண் வாசலைப் பார்த்தது. படத்தில் இரண்டு கண்ணும் என்னையே பார்த்தன.

"நாங்க அடையாள அட்டைப் படத்துல கையே வைக்க மாட்டோம்," என்றேன். "அது கூடாதுன்னு எங்களுக்குத் தெரியாதா? கேமரால எப்படி விழுந்ததோ அப்படியே குடுத்தது."

"அப்ப உங்க கேமராதான் எனக்கு வைத்தியம் பண்ணிடுச்சு," என்றார் மெக்கானிக். "சம்சாரம் வேற சந்தோஷப்பட்டா, நல்லாத்தான் இருக்கீங்கன்னு. ஆனா அட்டை வேணுமே."

என் வார்த்தையை நிரூபிக்க வேண்டும் என்ற வீம்பில் கணினியைத் திருப்பி அவரையே பார்க்கச் சொல்லிவிட்டு, கேமராவிலிருந்து வந்த ஒரிஜினலைத் திறந்தேன். அதில் இடது கண் வாசலைப் பார்த்தது. பக்கத்தில் நான் முடித்த படம். அதில் நேராக இருந்தது. கருவிழியை வெட்டி நடுவில் நகர்த்தி, வலது கண்ணில் இருந்த ஃபிளாஷ் பொட்டை எடுத்து இதிலும் வைத்து, ஓரத்தைக் குழைத்து... சுத்தமான வேலை. என் வேலை. செய்ததாக எனக்கு ஒரு துளி ஞாபகம் இல்லை.

"மன்னிச்சுக்குங்கண்ணா," என்றேன். சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது.

மெக்கானிக்கை மறுபடி படம் எடுக்க என் வீட்டுக்காரரிடம் அனுப்பிவிட்டு, அலமாரியிலிருந்து பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்தேன். ஃபோனில் எடுத்த படங்களில் நல்லதாக நாலைத் திருத்தி வைத்துக்கொண்டு மிச்சத்தை அழித்துவிடுவது என் பழக்கம். ஆனால் கேமராவில் எடுத்ததை மட்டும் என் வீட்டுக்காரர் அழிக்க விடமாட்டார். 'குப்பையைச் சேக்கறீங்க' என்று எத்தனை தடவை சண்டை போட்டிருப்பேன்! அந்தக் குப்பையைத்தான் இப்போது திறந்தேன்.

ஒரு வயது: நேர். ஒன்றரை: நேர். இரண்டு: நேர். இரண்டரை வயதில் பிறந்தநாள் உடுப்போடு எடுத்தது: வலது கண்ணில் ஃபிளாஷ் பொட்டு நடுவில் இருந்தது. இடது கண்ணில் அது வெளி ஓரத்தில் இருந்தது, கண் உள்ளே போயிருந்தது. அடுத்த மாதம் நேர். அதற்கடுத்த மாதம் உள்ளே. மூன்று வயதுக்கு மேல் முக்கால்வாசிப் படங்களில் உள்ளே. அத்தனையையும் நான் நேராக்கியிருந்தேன். சுவரில் மாட்டியிருப்பது உட்பட. நாத்தனார் முகத்தில் விட்டெறியாத குறையாகக் காட்டினேனே, அதுவும்.

"என்னங்க!" என்று கத்திவிட்டேன். மெக்கானிக்கின் முகவாயைப் பிடித்து நேராக வைத்துக்கொண்டிருந்தவர் ஓடி வந்தார். திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"தலைக்குள்ள ஒண்ணும் இல்லைங்க," என்றேன். "மூணு வருஷமா இருக்கு. நான்தான் அழிச்சிருக்கேன்."

சிரிப்பா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை. மகளுக்கு ஆபத்து இல்லை என்ற சந்தோஷம் ஒரு பக்கம். மூன்று வருடத்தைத் தின்றது நான்தானே என்ற எரிச்சல் ஒரு பக்கம். அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு கொடுத்துத் தேறியிருப்பேன். மனுஷன் டிஸ்க்கைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, "கிளம்பு, டாக்டரைப் பாக்கலாம்," என்றார். மெக்கானிக் நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்து, "போய்ட்டு வாங்க, நான் நாளைக்கு வரேன். படத்துல மட்டும் என்னை நானாவே விட்டுடுங்க," என்றார்.

ஆஸ்பத்திரியில் நான் சுற்றி வளைக்கவில்லை. வளைத்துப் பேச எனக்கு வராது.

"டாக்டர், நேத்து நீங்க பாத்த ஆல்பம் பொய். ஒவ்வொரு படத்துலயும் கண்ணை நான் நகர்த்தி வச்சிருக்கேன். வேணும்னு செய்யலை. கைப்பழக்கம். இதுதான் உண்மையான படம்."

அவர் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார். பார்த்து முடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"ஃபோட்டோ இல்லைன்னு சொன்னவங்களைப் பாத்திருக்கேன், மறந்துட்டோம்னு சொன்னவங்களைப் பாத்திருக்கேன். திருத்திக் கொண்டு வந்து குடுத்த முதல் ஆள் நீங்கதான்," என்றார். "சரி, குழந்தையைக் கூட்டிட்டு வாங்க. இன்னைக்கு அழுதாலும் விடப் போறதில்லை."

அழவில்லை. டார்ச்சை அவள் கையிலேயே கொடுத்துவிட்டார் டாக்டர், அவ்வளவுதான் ரகசியம். சொட்டு மருந்து விட்டு, கண்ணுக்குள் நரம்பைப் பார்த்து, எல்லாப் பக்கமும் விழி ஓடுகிறதா என்று பார்த்து, பவர் பார்த்தார். ஸ்கேன் சீட்டை எடுத்து என் எதிரிலேயே கிழித்தார். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

"இவளுக்குத் தூரப் பார்வைக்கான பிளஸ் பவர் நிறைய இருக்கு. கிட்டப் பாக்கணும்னா கண்ணு ரொம்ப மெனக்கெடணும். அப்படி மெனக்கெடும்போது கண்ணு உள்ள இழுத்துக்கும். கண்ணாடி போட்டா அந்த மெனக்கெடல் வேண்டாம், கண்ணும் பெரும்பாலும் நேராயிடும்."

"ஆபரேஷன் பண்ணி நேராக்கிட முடியாதா டாக்டர்? ஒரே வேலையா முடிஞ்சிடும்."

"உங்களுக்கு நேராக்கறதுலயே புத்தி போகுது பாருங்க," என்றார் அவர். "கண்ணாடி போட்டும் கோணல் மிச்சம் இருந்தா அப்ப ஆபரேஷன் பத்திப் பேசலாம். இப்ப பிரச்சினை கோணல் இல்லை. ரெண்டு கண்ணும் ரெண்டு இடத்தைப் பாத்தா மூளைக்கு ரெண்டு படம் போகும். சின்னப் பிள்ளைங்க மூளை கெட்டி, ஒரு படத்தை வேண்டாம்னு ஒதுக்கிடும். ஒதுக்கின கண்ணு சோம்பேறியாயிடும். மருந்து தெளிஞ்சதும் ஒரு நாள் கூட்டிட்டு வாங்க, காட்டறேன்."

சொட்டு மருந்தின் கலங்கல் தெளிந்த பிறகு போனபோது, வலது கண்ணை மூடிவிட்டு இடது கண்ணால் பலகையைப் பார்க்கச் சொன்னார். மேலே இருந்த பெரிய வீட்டை மட்டும் சொன்னாள். அதற்குக் கீழே எல்லாம் "கலங்கலா இருக்கு" என்றாள். பலகைக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று டாக்டர் கேட்டார். "யாரோ," என்றாள் என் மகள். நின்றது நான்.

அந்த 'யாரோ' என்னைப் போட்டுக் கொன்றுவிட்டது.

"பார்வை வருமா டாக்டர்?"

"தாமதம்தான். ஆனா கை மீறிப் போகலை. இன்னும் ரெண்டு வருஷத்துக்குள்ள அந்தக் கண்ணைப் பழக்கிடணும், வயசு ஏற ஏற கஷ்டம். முதல்ல கண்ணாடி. அப்புறம் நல்ல கண்ணை மூடி ஒட்டுப் போடணும், தினமும் ஆறு மணி நேரம். ஏமாத்தாம போட்டீங்கன்னா எனக்கு நம்பிக்கை இருக்கு."

"ஏமாத்த மாட்டேன்," என்றேன். அதுவரைக்கும் எந்த வேலையையும் அரைகுறையாக விட்டவள் இல்லை நான், இதையா விடுவேன்?

அன்று சாயங்காலம் நாத்தனாருக்கு ஃபோன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். "மூணு வருஷமா நான் என் கண்ணைத்தான் சந்தேகப்பட்டுட்டு இருந்தேன் அண்ணி," என்றாள். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. "நீ சொன்னதுதான் சரி, என் மேலதான் தப்பு," என்று வாய்விட்டுச் சொன்னேன். கல்யாணமாகிப் பதினேழு வருடத்தில் அவளிடம் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவளே பயந்துவிட்டாள்.

கண்ணாடி போட்டதும் டாக்டர் சொன்னபடியே கண் ஏறக்குறைய நேராக நின்றது. கழற்றினால் உள்ளே போகும், போட்டால் வரும். தெருவில் எல்லோரும் சரியாகிவிட்டது என்றார்கள். சரியாகவில்லை என்று எனக்குத் தெரியும். அந்தக் கண் அழகாக நின்றுகொண்டு சும்மா இருந்தது.

ஆறு வாரம் கழித்து ஒட்டு ஆரம்பித்தோம். அடேயப்பா, முதல் நாள் வீடு ரெண்டுபட்டது. நல்ல கண்ணை மூடினால் பிள்ளைக்கு உலகமே கலங்கல்தானே! பிய்த்து எறிந்தாள். இன்னொன்று ஒட்டினேன். அதைப் பிய்த்து அப்பாவின் கேமரா லென்ஸில் ஒட்டிவிட்டாள். அவர் அது தெரியாமல் ஒரு கல்யாண ஜோடியை நிற்க வைத்து, ஏன் இருட்டாக இருக்கிறது என்று விளக்கை மாற்றிக்கொண்டிருந்தார். நான் திட்டினேன், கெஞ்சினேன், மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் எனக்கே அழுகை வந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

நாலாம் நாள்தான் மூளை வேலை செய்தது. அவளை என் மேஜைக்குக் கொண்டுபோய் என் பக்கத்தில் உட்கார வைத்தேன். திரையில் ஒரு முகத்தைப் பெரிதாக்கி, கன்னத்தில் நானே ஒரு கருப்புப் புள்ளி வைத்தேன், பட்டாணி அளவுக்கு.

"அம்மாவுக்குக் கண்ணு வலிக்குது. இந்த மாமா முகத்துல அழுக்கு எங்க இருக்குன்னு நீ கண்டுபிடிச்சுச் சொல்லு. நான் துடைக்கறேன்."

மூக்கு திரையில் முட்டும் அளவுக்குக் குனிந்து தேடினாள். "இங்க!" என்றாள். துடைத்தேன். "இன்னும் இருக்கு, இங்க!" என்றாள். இருந்தது, நிஜமான மரு. அதையும் துடைக்கச் சொன்னாள். வாடிக்கையாளரைக் கேட்காமல் துடைக்கக் கூடாது என்றேன். இந்தச் சட்டம் புதுசு, மெக்கானிக் வந்துபோன பிறகு வந்தது.

அன்றிலிருந்து பள்ளி விட்டதும் முதலாளியம்மா மாதிரி வந்து உட்கார்ந்துவிடுவாள். ஒட்டைத் தானே எடுத்து நீட்டுவாள். நான் ஒவ்வொரு வாரமும் புள்ளியைச் சின்னதாக்கினேன். பட்டாணி மிளகாயிற்று, மிளகு கடுகாயிற்று. நடுவில் காய்ச்சல் வந்து நாலு நாள் ஒட்டுப் போடவில்லை. அதை மறைக்காமல் டாக்டரிடம் சொன்னேன். "சொன்னதுக்கு நன்றி," என்று குறித்துக்கொண்டார். ஒவ்வொரு தடவையும் பலகையில் ஒரு வரி, சில தடவை அரை வரி இறங்கினாள். ஒரு மாதம் எதுவுமே இறங்கவில்லை. அந்த மாதம் நான் யாரிடம் பேசினாலும் சண்டையில்தான் முடிந்தது.

எட்டாவது மாதம். அதே அறை, நாற்காலிக்கும் பலகைக்கும் நடுவே அதே ஆறு மீட்டர். சில்வண்டின் வலது கண்ணை நர்ஸ் உள்ளங்கையளவு அட்டையால் மூடினாள். நான் பலகைக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு படமாகக் குச்சியால் தொட்டுக் காட்டினேன். வீடு, என்றாள். ஆப்பிள். வட்டம். சதுரம். அடுத்த வரி. ஆப்பிள், வீடு, வீடு, வட்டம். போன தடவை நின்ற வரிக்கு வந்தாள். கடந்தாள். அதற்குக் கீழே இருந்ததைத் தொட்டேன். கண்ணை இடுக்கினாள்.

"சதுரம்... இல்ல இல்ல, வீடு. அப்புறம் வட்டம். அப்புறம் ஆப்பிள். அப்புறம் சதுரம்."

அத்தனையும் சரி. நல்ல கண்ணின் பார்வையை எட்ட ஒரே ஒரு வரிதான் பாக்கி. டாக்டர் எதையோ எழுதிக்கொண்டே, "அவ்வளவுதானா? வேற எதாவது தெரியுதா?" என்று சும்மாதான் கேட்டார்.

"தெரியுது," என்றாள் என் மகள், அந்த இடது கண்ணால் மட்டும் அறையின் அந்தக் கோடியிலிருந்து என்னை உற்றுப் பார்த்து. "அங்க அம்மா அழுறாங்க."

"நான் ஒண்ணும் அழலை," என்றேன். "தூசி."

"பொய். ரெண்டு கண்ணுலயும் தண்ணி வருது. இந்தக் கன்னத்துல கீழ வரைக்கும் வந்துடுச்சு."

டாக்டர் பேனாவை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப அதையும் ஒரு வரியா எழுதிக்கறேன்," என்றார்.

"ஆமாடி, அழுறேன்," என்றேன் நான். "இப்ப அதுக்கு என்னங்கற?"